உன் மாமனார் வாயில் உன் அம்மாவின் குரல்

பாபு,

இந்தக் கடுதாசியை நீ தனியாக உட்கார்ந்து படிக்காதே. கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படி. உன் பெண்டாட்டி தீபா இருக்கட்டும், பிள்ளைகள் இருக்கட்டும், முக்கியமாக உன் மாமனார் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குத் தனிக் கடுதாசி என்று ஒன்று கிடையாது. எனக்கு வந்த கடுதாசி எல்லாம் இன்னொருவர் வாயால் வந்ததுதான். பக்கத்தில் நின்றவன் எல்லாம் கேட்ட பிறகுதான் சேதி என்னிடம் வந்து சேரும். இதையும் நான் சொல்லச் சொல்ல எதிர் வீட்டு மேரிதான் எழுதுகிறாள், தைக்க வந்த ரவிக்கைத் துணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு. நல்ல தமிழில் திருத்தித்தான் எழுதுவேன் என்கிறாள். சரி, ஆனால் மனுஷர்கள் பேசினதைப் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் முட்டுக்காட்டு வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்பே நான் எழுந்து வந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்றேன். நீ நம்பவில்லை. உன் மாமனார் ஏதோ சொல்லி என்னை அவமானப்படுத்திவிட்டார், நான்தான் மறைக்கிறேன் என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய். அவரிடம் சத்தம் போட்டாயாம். அவர் ஞாயிறுதோறும் உன்னோடு உட்கார்ந்து பார்க்கிற பேய்ப்படத்தையே நிறுத்திவிட்டு, மாடி அறைக்கே சாப்பாட்டை வரவழைத்துக்கொள்கிறாராம். தீபா போன் பண்ணி அழுதாள். "மாமா, எங்கப்பா உங்கள இன்னா சொன்னாரு? அவரக் கேட்டா தெர்லன்றாரு. இவரக் கேட்டா ஒங்கப்பாவயே கேளுன்றாரு. நான் நடுவுல தட்டத் தூக்கிகினு மாடிக்கும் கீழுக்கும் ஏறி எறங்கிகினு கீறேன்." அந்தப் பெண்ணுக்காகத்தான் இந்தக் கடுதாசி. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்கு நான் காரணமாக இருக்கக் கூடாது.

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை. அவ்வளவுதான் விஷயம். வயிறு சரியில்லை என்று சொன்னதும் முழுப் பொய் இல்லை, வயிற்றெரிச்சலும் வயிற்றுக் கோளாறுதானே. இந்த இடத்தில் மேரி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இன்னாண்ணே, வயசான காலத்துல சம்பந்தி மேல பொறாமன்னு எழுதச் சொல்ற? உம் புள்ள சிரிக்காதா?" என்றாள். "சிரிக்கட்டுமே. எங்கூட அவன் சிரிச்சி எத்தினி நாளாச்சி" என்றேன். அதையும் எழுதச் சொன்னேன்.

பேய்ப்படம் நம் இரண்டு பேருடைய சொத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பாபு. மாமல்லபுரத்தில் நான் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். விடிவதற்கு முன் போய்ப் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டினால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். குளித்து, சாப்பிட்டு, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினால் மேட்னி ஷோவுக்குச் சரியாக இருக்கும். பேய்ப்படத்தை மேட்னியில்தான் பார்க்க வேண்டும் என்று நான் உனக்கு அப்போதே சொல்லிக்கொடுத்தேன். ராத்திரி ஆட்டம் பார்த்துப் பயந்தால் பழியை இருட்டின் மேல் போடலாம். மேட்னி விட்டு வெளியே வந்தால் வெயில் அடிக்கும், பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்பான், கண்டக்டர் ஊர் பேரைக் கூவுவான், எல்லாம் அதது இடத்தில் இருக்கும். நமக்குள் மட்டும் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கும். வெயிலில் வருகிற பயத்துக்கு யார் மேல் பழி போடுவது? அதுதான் சரியான பயம்.

படங்களின் பேர் எனக்குத் தெரியாது. போஸ்டரைப் பார்ப்பேன், எழுத்தை எப்படிப் பார்ப்பது? நாமே பேர் வைத்துக்கொள்வோம். புடவைப் படம் என்று ஒன்று. கொடியில் ஒரு புடவை காய்கிறது. காற்றடிக்கிறது, புடவை ஆடுகிறது. காற்று நிற்கிறது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. புடவை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. படத்தில் அதற்கு மேல் பேய் என்று எதையும் காட்டவே இல்லை. பின் வரிசையில் ஒருத்தன், "டப்பு குட்து வந்து கீறோம், பேயக் காட்டுங்கடா!" என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவன், "தே, கம்னு இரு. அது வந்துட்சின்னா பயம் பூடும்" என்றான். அவனும் என்னைப் போல் கைநாட்டாகத்தான் இருப்பான், ஆனால் சரியாகச் சொன்னான். அன்றைக்கு பஸ்ஸில் நீ என்னிடம், "நைனா, இனிமே அம்மா பொடவய உள்ளயே காயப் போட்டா இன்னா?" என்று கேட்டாய்.

தட்டுப் படம் இன்னொன்று. ஒரு வீட்டில் நாலு பேர். அந்த அம்மா தினமும் ஐந்து தட்டு வைக்கிறாள். ஐந்திலும் சோறு போடுகிறாள். ஏன் ஐந்து என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் நமக்குப் பயம் வந்திருக்காது. யாருமே கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். கத்துவதும் கதவு அடிப்பதும் பெரிய விஷயமே இல்லை. தினமும் நடக்கிற காரியம் ஒரு துளி பிசகி, அதை வீட்டுக்காரர்களே கண்டுகொள்ளாமல் இருந்தால் அங்கேதான் பயம் பிடிக்கும். இன்னொன்றும் நாம் பேசி முடிவு செய்திருந்தோம். பேய்க்கு ப்ளாஷ்பேக் வந்தால் படம் செத்தது. அது உயிரோடு இருந்தபோது பாட்டுப் பாடிச்சு, காதலிச்சு, நாலு பேர் கொன்னுட்டாங்க என்று காட்டின உடனே நமக்குப் பாவமாகிவிடுகிறது. பாவம் வந்த இடத்தில் பயம் நிற்காது. நீ இதற்குத் தலையாட்டினவன். இப்போது உன் மாமனாரோடு சேர்ந்துகொண்டு, "காரணம் இல்லாத பேய் வெறும் சத்தம்தான் நைனா" என்கிறாய். அதைக் கேட்டபோதே எனக்கு ஓர் எரிச்சல் வந்தது. நீ கட்சி மாறிவிட்டாய்.

அன்றைக்கு உங்கள் கூடத்துக்குள் வந்தபோது பகல் பதினோரு மணிக்கே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. நாலு மூலையிலும் சத்தப் பெட்டி. சுவர் அளவுக்கு டிவி. நானும் உன் பக்கத்தில் உட்காரலாமென்று சோபாவைப் பார்த்தேன். அதற்குள் உன் மாமனார், "சம்பந்திக்கு சேர் போடுப்பா, பேனுக்கு நேரா போடு!" என்று பரபரத்தார். மரியாதையாக ஒரு நாற்காலியில் என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டு, அவரும் நீயும் சோபாவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மரியாதை என்பது சில சமயம் நாலு அடி தூரம். அது ஏதோ வெளிநாட்டுப் படம். கீழே எழுத்து ஓடுகிறது. எனக்குப் படிக்க வராது என்று தெரிந்து, அவர் ஒவ்வொரு பேச்சுக்கும் படத்தை நிறுத்தி, "சம்பந்தி, இப்ப அந்த அம்மா இன்னா சொல்லுதுன்னா" என்று எனக்கு விளக்கினார். நல்ல மனுஷன். ஆனால் நிறுத்தி நிறுத்தி யாராவது பயப்பட முடியுமா? விக்கல் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி அவர் என் பயத்தைத் தீர்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் அவர் பயந்தார். அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தை இல்லை. திரையில் ஒரு கை நீண்டதும், "ஐயோ மாப்ள!" என்று உன் முட்டியைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸில் நாற்காலி போட்டு உத்தியோகம் பார்த்த மனுஷன் குழந்தை மாதிரிக் காலை மேலே தூக்கிக்கொண்டார். "மாமா, வுடுங்க, முட்டி கயண்டுக்கும் போல கீது" என்று நீ சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பு. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எந்தப் படத்திலும் வாய் விட்டுப் பயந்ததில்லை. அப்பன் பயந்தால் பிள்ளை என்ன ஆவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். உன் கை என் கையில் இருக்கும். பயந்துபோய் நான் உன் கையைப் பிடித்ததாக ஒரு நாளும் இல்லை. அவருக்கு அந்தக் கவலை கிடையாது. வளர்ந்த பிள்ளையாகப் பார்த்து எடுத்துக்கொண்டார் இல்லையா, தாராளமாகப் பயப்படலாம்.

டீ வந்தது. அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். "எங்க சம்பந்தி யாரு தெரியுமா? ஒரு தெருவயே கூட்டிகினு போயி பேய்க்குக் கற்பூரம் ஏத்த வெச்சவரு!" என்று அவர் ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் கதை. நம் கதை. நீ அவருக்குச் சொல்லியிருக்கிறாய்.

பிள்ளைகளுக்குத் தெரியாதில்லையா, அதனால் இங்கே ஒரு தரம் சொல்கிறேன். அது ஆடி மாசம். தியேட்டரில் போன வாரம் வரைக்கும் அம்மன் படம் ஓடியிருக்கிறது. படம் மாறிவிட்டது, வாசலில் கட்டின வேப்பிலைத் தோரணத்தை மட்டும் அவிழ்க்கவில்லை. புதுப் போஸ்டரிலும் சிவப்புப் புடவை, விரித்த முடி, நெற்றி நிறையக் குங்குமம். நான் பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு வந்து, தெருவில் இருந்த பொம்பளைகளிடம் செங்கல்பட்டில் புது அம்மன் படம் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நான் விசாரித்துத்தான் சொல்கிறேன் என்று அவர்கள் நம்பினார்கள். தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, உன் அம்மாவையும் சேர்த்து ஒரு கூட்டமே கிளம்பியது. உள்ளே போனதும் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்கள். படத்தில் சிவப்புப் புடவைக்காரி ஓர் ஊருக்கு வருகிறாள், நோயில் கிடக்கிற குழந்தையைத் தொடுகிறாள், அது எழுந்து உட்காருகிறது. நம் வரிசை முழுக்கக் கை கூப்பியது. முன்னால் இருந்த கிழவி ஒருத்தி தரையில் கற்பூரம் ஏற்றினாள். தியேட்டர்காரன் ஓடி வந்து காலால் மிதித்து அணைத்தான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் புடவைக்காரி திரும்பி நம்மைப் பார்த்தாள். கண் சாமிக் கண்ணாக இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கிவிட்டாள்.

நான் பார்த்த பேய்ப்படங்களிலேயே அதற்கு மேல் ஒன்று இல்லை. ஏன் தெரியுமா? மற்றவன் எல்லாம் பேய் பார்க்க வந்து பேயைப் பார்த்தான். நாம் சாமி கும்பிட வந்து பேயைப் பார்த்தோம். முதலில் நம்பியிருக்க வேண்டும். நம்பாத எதுவும் யாரையும் பயமுறுத்தாது. அந்தப் படம் எடுத்தவனுக்கே கிடைக்காத பயம் நமக்குக் கிடைத்தது, என் கைநாட்டுப் புண்ணியத்தில்.

இதை உன் மாமனார் என்னைவிட நன்றாகச் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். புடவைக்காரி திரும்புகிற இடத்தில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார், அவருடைய தங்கை மூச்சையே விடவில்லை. அதற்கு அப்புறம்தான் அவர் அதைச் செய்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இன்னாய்யா, சாமி முழிக்கிறது சரியில்லியே. கூழு ஊத்தலன்னு கோவமா கீதோ?" என்றார்.

அது உன் அம்மா அன்று தியேட்டரில் என் காதில் சொன்னது. வார்த்தை மட்டும் இல்லை பாபு, குரலும் அவளுடையது. பாதி வார்த்தையில் மூச்சு வாங்கி, மீதியை மேலே தூக்கி, கடைசியில் ஒரு 'ச்சு' கொட்டுவாளே, அது அப்படியே வந்தது. அவர் உன் அம்மாவைப் பார்த்ததே இல்லை. உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். பார்க்காத பொம்பளையின் குரல் அவர் தொண்டையில் எப்படி வரும்? நீ பேசிக் காட்டியிருக்க வேண்டும். ஒரு தரம் இல்லை, அவருக்கு மனப்பாடமாகும் வரை பல தரம். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்குப் பிடரி மயிர் எழுந்து நின்றது. இவ்வளவு காலம் பேய்ப்படம் பார்த்தவன் சொல்கிறேன், செத்தவர்கள் வெள்ளைப் புடவையில் வந்தால் பயமில்லை. பட்டப்பகலில், டீ குடிக்கிற கூடத்தில், சம்பந்தி வாயிலிருந்து பெண்டாட்டி பேசினால், அதுதான்.

பயம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பின்னால் வந்தது போகவில்லை. ஈசிஆர் பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வந்து சேரும் வரை அதே நினைப்பு. அவள் குரல் என் போனில் கிடையாது. யாரோடு போன் பேசினாலும் நான்தான் பேசுவேன், அவள் பக்கத்தில் நின்று என்னைத் தூண்டிக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகு அந்தக் குரல் எங்கேயும் இல்லை என்று நான் இருந்தேன். உன்னிடம் இருந்திருக்கிறது. என்னிடம் பேசும்போது நீ என்ன பேசுகிறாய்? "நைனா, சாப்டியா? மாத்தர போட்டியா? பிரசர் பாத்தியா?" என் மனசு நோகக் கூடாதென்று அவள் பேரையே எடுக்க மாட்டாய். அவருக்குக் குரல், எனக்கு மாத்திரை. இதைச் சொல்லும்போது மேரி மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். "அவரு கேக்காமயா கெடச்சிது? கேட்டிருப்பாரு. நீ கேட்டியா?" என்கிறாள். அதுவும் சரிதான். அதனால் பொறாமை குறையவில்லை, கூடிவிட்டது.

அதனால் உன்னிடம் இல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். கதையில் உனக்குத் தெரியாத பகுதி, ஏனென்றால் நீ அப்போது என் தோளில் தூங்கிவிட்டாய். புடவைக்காரி பேய் என்று தெரிந்ததும் நம் வரிசைப் பொம்பளைகள் எல்லாரும் கையை இறக்கிவிட்டார்கள். உன் அம்மா இறக்கவில்லை. இடைவேளை முடிந்து, மந்திரவாதி வந்து, எலுமிச்சம்பழம் அறுத்து, அதை விரட்டி முடிக்கும் வரை கூப்பின கை கூப்பினபடி உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் வந்து கேட்டேன். "கும்புட்ட கைய பாதில எடுப்பாங்களா யாராவது? சாமியோ பேயோ, கேட்டது கேட்டதுதான்" என்றாள். "அப்டி இன்னாதான் கேட்ட?" என்றேன். "அது ஒனக்கெதுக்கு? அதுக்கும் எனக்கும் நடுவுல கீது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை நான் அவளோடு பேசவில்லை. ஒரு பேயின் மேல் பொறாமைப்பட்டவன் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதற்கு அடுத்த வாரம் வீட்டில் கூழ் ஊற்றினாள். அம்மனுக்கு ஒரு கிண்ணம் வைத்தவள் சுவரோரமாகச் சின்னதாக இன்னொன்றும் வைத்தாள். இது யாருக்கு என்றேன். "பாவம், அது தேட்டர்லயே கெடக்குது. அதுக்கு யாரு ஊத்துவா?" என்றாள். ப்ளாஷ்பேக் எதுவும் கேட்காமலே அவளுக்குப் பாவம் வந்திருக்கிறது. அவள் என்ன கேட்டாள் என்பது கடைசி வரை எனக்குத் தெரியாது. நான் சாகும்வரை அதன் மேல் எனக்குப் பொறாமை இருக்கும், அதை விட்டுவிடு.

பொறாமைப்படுகிறவன் சொல்கிற புத்தி என்று தள்ளாமல் கேள். மாடிக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேள். காலில் விழ வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கீழே வந்து சோபாவில் உன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு உட்கார், போதும். மனுஷனுக்கு வயசான பிறகு கூட உட்கார்ந்து பயப்படுவதற்கு ஓர் ஆள் கிடைப்பது லேசான விஷயமில்லை. நீ அவருக்குக் கிடைத்திருக்கிறாய். அதைப் பிடுங்காதே. சம்பந்தி, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொறாமை நிறைய இருக்கிறது. இப்போது சொன்னதையும் சேர்த்து நீங்கள் தாராளமாக அந்தக் கதையைச் சொல்லலாம். கூழ்க் கிண்ணத்தைக் கதையில் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும், என்னைவிட.

ஆனால் 'அதுக்கும் எனக்கும் நடுவுல கீது' என்று அவள் எப்படிச் சொன்னாள் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் என் தொண்டையில் வராது. மேரியிடம் சொல்லிக் காட்டினேன். "அண்ணே, காக்கா கத்துற மாறி கீது" என்கிறாள். பேச்சு என்னிடம் இருக்கிறது, குரல் உன்னிடம் இருக்கிறது. அதனால் பாபு, ஒரு நாள் வா. ஞாயிறு வேண்டாம், ஞாயிறு அவருடையது. லீவு போட்டுவிட்டு ஒரு மேட்னிக்கு வா. படம் நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்தத் தடவை உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன், ஏன் என்று கேட்காதே. அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள், எந்த இடத்தில் தூக்கினாள் என்று நான் சொல்கிறேன். நீ அதை அவள் குரலில் சொல். சரியாக வரும் வரை சொல். எனக்குப் பயமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. முதலில் எனக்குச் சொல். அதற்குப் பிறகு போய் அவருக்குச் சொல்லிக்கொள்.

உன் நைனா